பாய் விரித்த கப்பல்

எங்கள் வீட்டில் ஒரு போர்க்கப்பல் இருந்தது என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மேற்கே மலை, கிழக்கே மலை, ஊடே முல்லையாறு என்று கிடக்கிற ஊரில் கப்பலுக்கு என்ன வேலை? ஆற்றைத் தாண்டப் பரிசல்கூட வேண்டாம், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். நான் கடலைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் பார்த்ததில்லை. அவர்தான் கட்டினார்.

அவர் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். அங்கே இருந்த வெள்ளைக்காரச் சாமியார் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது, படம் போடப் பிரியமுள்ளவர் என்று இவருக்கு ஒரு பெரிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பாய்க்கப்பல் ஒன்று அதில் இருந்தது. இரண்டு தட்டிலும் வரிசையாகப் பீரங்கி வைத்த இங்கிலீஷ்காரன் சண்டைக் கப்பல். அதைத் தோலுரித்து, எலும்பைக் கழற்றி, ஒவ்வொரு கட்டையும் எதோடு எப்படிச் சேருகிறது என்று மடித்து வைத்த தாள்களில் வரைந்திருந்தார்கள். வேறு ஆளாக இருந்தால் ஒரு தாளைக் கிழித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். இவர் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல், "ஏ புள்ள, இதை அப்பிடியே செஞ்சிரலாம்" என்றார்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "செய்யுங்களேன், நம்ம ஊருல மரமா இல்ல" என்று சொன்னேன். அன்றைக்கு என் வாயை யாராவது பொத்தியிருக்கலாம்.

விளையாட்டுச் சாமான் இல்லை அது. ஒரு விலாக் கட்டையை இரண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறது என்று புத்தகம் சொன்னால், இவரும் இரண்டு துண்டாகத்தான் சேர்ப்பார். ஒரே துண்டாகச் செதுக்குவது எளிது, மேலே பலகை அடித்தால் எல்லாம் மறைந்துவிடும், ஆனாலும் மாட்டார். இரும்பு ஆணி கூடாது. அந்தக் கப்பலில் மர ஆணிதான் அடித்தார்களாம், அதனால் மூங்கிலைச் சீவிச் சீவி ஊசி மாதிரி ஆணி செய்தார். என் சோளச் சோற்றில் அந்தச் சீவல் விழாத நாள் இல்லை. உடம்புக்குத் தேக்கு, ஓரப் பட்டைக்கு ஈட்டி மரம், செதுக்கு வேலைக்கு வெப்பாலை. ஒரு மேல்தட்டு முழுக்கப் பலகை பாவி முடித்த பிறகு, பலகை அகலம் ஒரு நூல் கூடிவிட்டது என்று பிரித்து எடுத்தார். அந்தப் பலகையை எரித்து நான் வெந்நீர் போட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

"மூடிட்டா உள்ள இருக்குறத யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாத்தேன்ல" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷனோடு எதைப் பேசுவது?

ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள். யுத்த காலம் வேறு. பத்திரிகையில் கப்பல் படம் வரும், எல்லாம் புகை கக்கிக்கொண்டு இருக்கும். "வாத்தியாரே, புகைபோக்கி எங்கன?" என்று ஒருத்தர் விடாமல் கேட்பார்கள். இவரும் ஒருத்தர் விடாமல் உட்கார வைத்து, அது காற்றில் போன கப்பல் என்று விளக்குவார். கேட்டு முடித்தவர்கள் என்னிடம் வந்து, வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா என்று மெதுவாக விசாரிப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதுதான் அவர்களுக்கும் எனக்கும் சுலபமாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் மூலம். கப்பலின் உறுப்புகளுக்குக் கடற்கரைக்காரர்கள் என்ன பேர் வைத்திருந்தார்களோ எங்களுக்குத் தெரியாது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் பேர். ஆகவே வீட்டில் அவராகவே பேர் வைத்தார். அடியில் நீளமாக ஓடுகிற கட்டை முதுகெலும்பு. அதிலிருந்து வளைந்து எழும்புவது விலா. மேலே நட்டு நிற்கிற மரத்தில் குறுக்கே கட்டுகிற கழி, வண்டியில் இருப்பது போலவே இருந்ததால், நுகம். கயிறு ஓடுவது கப்பி, எங்கள் கிணற்றில் இருப்பதுதான். மேலே ஏறுவதற்குக் கட்டுகிற கயிறு நூலேணி. "அந்தச் சின்ன நுகத்தை எடு, ரெண்டாவது விலாகிட்ட பிடி" என்பார், நான் எடுத்துப் பிடிப்பேன். உழவு வீட்டில் பிறந்தவளுக்கு இதில் கஷ்டமே இல்லை.

கண்ணில் கோளாறு என்று முதலில் நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற செம்பைத் தட்டிவிடுவார். வாசலில் கட்டியிருக்கிற கன்றுக்குட்டி மேல் போய் மோதுவார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று நான் ஏசுவேன். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில் வரைந்துகொண்டே போனவர், பலகை முடிந்தது தெரியாமல் சுவரில் கோடு இழுத்திருக்கிறார். அப்புறம்தான் மதுரைக்குப் போய்க் காட்டினோம்.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து இருட்டு வரும், நடுவில் மட்டும் கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியும், பிறகு அதுவும் மூடிக்கொள்ளும் என்றார். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து அதன் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று இவர் எனக்கு விளக்கினார்.

ஒரு முடிச்சு தெரியும், ஒரு கப்பி தெரியும். அதனால் வேலை நிற்கவில்லை. ஆனால் கப்பல் தெரியாது. அதற்குள் கப்பல் இரண்டு முழத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. முன்மூக்கைப் பார்த்தால் பின்பக்கம் இருட்டில் போய்விடும். தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகத்தான் பார்ப்பார். எதிர்ச் சுவரை ஒட்டித் தள்ளி நின்றால் மட்டும் அது முழுசாக அவர் கண்ணுக்குள் அடங்கும். முதலில் வீட்டு நடுவில் நின்றாலே போதும் என்று இருந்தது. வரவரச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டி வந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் என்னிடம். "பாய் ஏத்தி, இங்கன நின்னு, முழுசா ஒரு தடவ பாத்துரணும். அதுக்கப்புறம் கண்ணு போனாப் போகட்டும்."

அன்றையிலிருந்து நான் ஏசுவதை நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். ஏசிக்கொண்டே கூட உட்கார்ந்தேன். ஆண்டிபட்டி நெசவுக்காரர்களிடம் வாங்கிய நூலை, புத்தகத்தில் எந்தக் கயிறு எவ்வளவு தடிமனோ அந்தத் தடிமனுக்கு முறுக்கிக் கொடுத்தது நான்தான். எனக்கும் அவசரம் வந்துவிட்டது. காலையில் அவர் எழுந்ததும், நேற்றைக்குத் தெரிந்தது இன்றைக்கும் தெரிகிறதா என்று அவர் முகத்தைப் பார்ப்பேன்.

கயிறெல்லாம் கட்டி, நுகமெல்லாம் ஏற்றி முடித்த சமயத்தில், மதுரையில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இருக்கிறதைக் காப்பாற்றலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். யுத்தத்துக்காகப் போடி ரயிலைத் தண்டவாளத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிற பஸ்ஸில்தான் போக வேண்டும். பிள்ளைகளை விட்டு என்னால் நகர முடியவில்லை, என் தம்பி கூடப் போனான். கிளம்பும்போது கப்பலைத் தடவிப் பார்த்தார்.

"இனி பாய் மட்டுந்தான். வந்து பாத்துக்குவோம்" என்றார்.

வந்து பார்ப்பதென்ன, வரும்போதே ஏற்றி வைத்திருப்போம் என்று நான் முடிவு செய்தேன். கட்டுப் பிரித்துவிட்டு வருகிறவர் நேரே எதிர்ச் சுவரில் போய் நின்று பார்க்கட்டும். ஆபரேஷன் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் மிச்சம் இருக்கிற நாள் வீணாகக் கூடாது. மடித்த தாளைப் பிரித்தேன். பாய் வரைந்திருந்த பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு பாயிலும் மேலிருந்து கீழாக நெருக்க நெருக்கமாகக் கோடு. கோரை கோரையாக அப்படியே தெரிந்தது. முதுகெலும்பு, விலா, நுகம், கப்பி, ஏணி, பாய். இதில் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

பாய் நெய்கிற அக்கா ஒருத்தி குளத்தங்கரையில் இருந்தாள். அவளிடம் போய் அளவைக் காட்டினேன்.

"யாருக்குத்தா இத்தினிக்கூண்டு பாயி? எலி படுக்கவா?" என்றாள்.

"கப்பலுக்கு."

"கப்பல்ல படுக்குறவுகளுக்கா?"

"படுக்க இல்லக்கா. காத்துக்கு மரத்துல கட்டுறது."

கையில் இருந்த கோரையைக் கீழே வைத்தாள். "சாரல் அடிக்காம வாசல்ல கட்டுவோம்ல, அந்த மாதிரியா?"

"அப்பிடித்தான் போல" என்றேன். ஆடி மாசம் கணவாய்க் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும்போது பழைய பாயை வாசலில் கட்டாத வீடு எங்கள் பக்கம் உண்டா? காற்றுக்குப் பாய் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நியாயமாகத்தான் பட்டது.

ஒரு கோரையை மூன்றாக வகிர்வார்கள். நான் அதையும் வகிர்ந்தேன். விரலெல்லாம் கீறல், குழம்புக்குப் புளி கரைக்க முடியாது. அந்த அக்கா சின்னச் சட்டம் ஒன்று அடித்துக் கொடுத்து, நெய்யச் சொல்லியும் கொடுத்தாள். ஒவ்வொரு பாயாக நெய்து, ஓரம் கட்டி, நுகத்தில் வைத்துத் தைத்தேன். எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, அவர் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். கோரை மஞ்சளாக மினுங்கியது. என் மனசு குளிர்ந்துவிட்டது. அப்படி ஒரு பெருமை எனக்குக் கல்யாணத்தன்றைக்குக்கூட இருந்ததில்லை.

அவர் வந்து இறங்கினார். தம்பி அவர் கையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாக?" என்று தம்பியிடம் கேட்டேன்.

இவர்தான் சொன்னார்: "வெளிச்சம் தெரியும்னாக. ராத்திரி எது பகல் எதுன்னு தெரியுது. அம்புட்டுத்தான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. உள்ளே வந்து, வழக்கமாக உட்காருகிற பலகையில் உட்கார்ந்து, கப்பலை நோக்கிக் கையை நீட்டினார். முன்மூக்கைத் தொட்டார், ஏணிக் கயிற்றைத் தொட்டார். அடுத்துப் பாய் மேல் விரல் பட்டது. நின்றது. மறுபடி தடவினார்.

"இது என்னது?"

"பாய். நீங்க வாரதுக்குள்ள ஏத்தி வச்சிட்டேன்."

"என்ன பாய்?"

"கோரைப் பாய்தான். வேற என்ன பாய்?"

ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு, "ஏ புள்ள, அது துணி" என்றார்.

படத்தில் இருந்த கோடெல்லாம் கோரை இல்லையாம், துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்த தையலாம்.

"பரவாயில்ல மச்சான்" என்றான் தம்பி. "எதா இருந்தா என்ன, இனிமே..." என்று ஆரம்பித்தவன் நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டான்.

"எனக்குத் தெரியாதுதான்" என்றார் இவர். "கப்பலுக்குத் தெரியும்ல. கழட்டிரு."

கழற்றுவதா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. துணியைத் துணி என்று சொல்வதற்கு என்ன கேடு? எல்லாவற்றுக்கும் வீட்டில் இருக்கிற பேரை வைத்துவிட்டு இதை மட்டும் பாய் என்று சொன்னால் நான் எதை எடுப்பேன்? "வேற பேரே கெடைக்கலயா உங்களுக்கு?" என்று கத்தினேன். "அது நான் வச்ச பேரு இல்ல, தமிழ்ல அதுக்குப் பேரே பாய்தான்" என்றார். அப்படியானால் தப்பு என் பேரில் இல்லை, தமிழ் பேரில்தான் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கழற்றிய பாய்களை அவர் மடியில் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் நெய்வு பார்த்தார்.

"நம்ம ஆளுக அந்தக் காலத்துல மெய்யாவே பாயைத்தான் கட்டியிருப்பாக போல" என்றார். "இல்லாட்டி இந்தப் பேரு எங்கன இருந்து வரும்?"

"அப்ப நான் செஞ்சது சரிதான."

"நம்ம கப்பலா இருந்தாச் சரி. இது அவுக கப்பலு" என்றார். அவற்றைத் தூக்கிப் போட விடவில்லை. கப்பலுக்கு அடியில் விரிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான். புத்தகம் இங்கிலீஷ், எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் பார்க்க முடியாது. நான் படத்தில் விரலை வைத்து, இந்தக் கோடு இங்கிருந்து கிளம்பி அந்தக் கப்பிக்குள் போகிறது என்று சொல்வேன். அவர் யோசித்து, அது இன்ன கயிறு, அதை இன்ன இடத்தில் கட்டு என்பார். நாள் பூராவும் சண்டை. "கீழ" என்று நான் சொன்னால் "எதுக்குக் கீழ?" என்பார். பள்ளிக்கூடத்து வேலை அவருக்குப் போய், பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பிள்ளைகளை ஏசிவிட்டு வந்து இங்கே இவரிடம் ஏச்சு வாங்குவேன்.

துணி கிடைக்காத காலம் அது. அவர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போன வேட்டி ஒன்று துவைத்துத் துவைத்து மெலிந்திருந்தது, அதை எடுத்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கக்கூடாது என்றார், தேயிலைத் தண்ணீரில் நனைத்து உலர்த்தினேன். பட்டை பட்டையாகக் கிழித்துச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார், தைத்தேன். அடி ஓரத்தை நேராக வெட்டாதே, உள்பக்கமாக வளைத்து வெட்டு என்றார். முழுத் துணிக்கே பஞ்சமாக இருக்கிற நேரத்தில் எதற்கு வளைவும் நெளிவும் என்று கேட்டேன். "அப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். அதுதான் எல்லாவற்றுக்கும் அவர் பதில்.

கடைசிப் பாய் ஏறியது ஒரு ஆடி மாசத்துப் பகலில். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்து அறுத்தேன்.

"முடிஞ்சிருச்சு" என்றேன்.

"ம்" என்றார்.

இத்தனை வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தோம், ஆனால் இரண்டு பேருக்கும் சந்தோஷமே வரவில்லை. பாயெல்லாம் ஈரத் துணி கொடியில் கிடப்பது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பலகையில் உட்கார்ந்து முகத்தை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். 

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

என்ன சொல்வது? எனக்கு அப்படியெல்லாம் எடுத்துச் சொல்ல வராது. "நல்லா இருக்குங்க" என்று மறுபடியும் சொன்னேன். அந்த நேரத்தில் கணவாய்க் காற்று வந்து கதவைப் படாரென்று அடித்தது. தாழ்ப்பாள் போட எழுந்தேன்.

"அடைக்காத" என்றார். "காத்து எங்கன இருந்து வருது?"

"வாசல்ல இருந்துதான்."

"கப்பலோட பின்பக்கத்த வாசலுக்குத் திருப்பி வையி."

அடியில் கிடந்த கோரைப் பாயோடு சேர்த்து மெதுவாகத் திருப்பினேன். கதவு இரண்டையும் விரியத் திறந்து கல் வைத்தேன். காற்று ஒருதரம் வந்து, வீடு முழுக்கச் சுற்றி, அடுப்பங்கரைச் சாம்பலைக் கிளப்பிவிட்டுப் போனது. மறுதரம் வந்தபோது கப்பலின் மேல் நேராக விழுந்தது. தொங்கின பாயெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி உப்பிக்கொண்டது. நான் முறுக்கின கயிறெல்லாம் விறைத்தது. உள்பக்கமாக வளைத்து வெட்டச் சொன்னாரே, அந்த அடி ஓரம் அவ்வளவும் பிறை பிறையாக நின்றது. ஒவ்வொரு தையலும் நான் போட்டதுதான், ஆனால் அது இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் கையைப் பிடித்து இழுத்து, இருப்பதிலேயே பெரிய பாயின் மேல் வைத்தேன். உள்ளங்கையை அசைக்காமல் வைத்திருந்தார். பாய் அவர் கையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"உள்ள காத்து நிக்குது" என்றார்.

கையை எடுத்தார். எழுந்து, தடவித் தடவி எதிர்ச் சுவருக்குப் போனார். அதில் முதுகை ஒட்டி, எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவ்வளவு காலமாக நினைத்து வைத்திருந்தாரோ அந்த இடத்தில் நின்றார். காற்று விடவில்லை. கயிறுகள் கிறீச்சிட்டன, துணி படபடத்தது. முகத்தைக் கப்பலுக்கு நேராக வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் முழுசும் தெரிந்தது.

"போகுதா?" என்று கேட்டார்.

"போகுதுங்க" என்றேன்.